எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே) காலத்து ரயில்வேயில் வேலை பார்த்த முன்னோரைத் தேடுவது எப்படி

"எங்க தாத்தாவோட அப்பா ரயில்வேயில இருந்தாராம்." திருச்சி, விழுப்புரம், அரக்கோணம், ஜோலார்பேட்டை, போத்தனூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் என்ன வேலை, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தேட ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்வது தாத்தாவின் பெயரை இணையத்தில் போட்டுப் பார்ப்பது. நானும் அப்படித்தான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரைக் கொண்டு தேடாதீர்கள். என்ன வேலை, எந்த ஊர், எந்தக் கம்பெனி, இந்த மூன்றையும் முதலில் பிடியுங்கள், பெயர் கடைசியில் தானாக வந்து சேரும்.

என் கொள்ளுத்தாத்தாவை வீட்டில் எல்லோரும் "நாகப்பட்டினத்துத் தாத்தா" என்றுதான் சொல்வார்கள். ஆனால் எங்களுக்கு நாகப்பட்டினத்தில் வீடோ நிலமோ சொந்தக்காரர்களோ யாரும் கிடையாது, அவர் இறந்ததும் திருச்சி பொன்மலையில்தான். பிறகு ஏன் அந்தப் பெயர்? சவுத் இந்தியன் ரயில்வேயின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது, 1928 வாக்கில்தான் பொன்மலைக்கு வந்தது என்று படித்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பட்டறையோடு சேர்ந்து ஆட்களும் வந்திருக்கிறார்கள். ஒரு பட்டப்பெயர் மொத்தக் கதையையும் தனக்குள் வைத்திருந்திருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் "குண்டக்கல் பெரியப்பா", "போத்தனூர்க் கிழவி" என்று யாராவது இருந்தால் அதை லேசில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இருந்தே தொடங்கலாம். வயதானவர்களிடம் "தாத்தா ரயில்வேயில் என்னவாக இருந்தார்" என்று நேரடியாகக் கேட்டால் "பெரிய வேலையில இருந்தார்" என்ற பதில்தான் வரும். அதைவிட, அவர் உடுப்பு என்ன நிறம், கையில் கரி ஒட்டியிருக்குமா, சங்கு ஊதினால் கிளம்புவாரா, ராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டிக் கூட்டிப்போவார்களா, வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலா அல்லது லைனில் தனியாக இருந்ததா என்று கேளுங்கள். சங்கு ஊதினால் கிளம்புவார் என்றால் பட்டறை. ராத்திரி ஆள் வந்து எழுப்பினால் லோகோ ஷெட்டில் டிரைவராகவோ ஃபயர்மேனாகவோ இருந்திருப்பார், இல்லையென்றால் ரயில் கார்டு. லைன் ஓரத்தில் தனி வீடு என்றால் கேட் கீப்பர் அல்லது தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங் ஆள். பிள்ளைகள் எந்தெந்த ஊரில் பிறந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மாற்றல் ஆன ஊர்களின் பட்டியல் அப்படியே கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

அப்புறம் டிரங்குப் பெட்டி. பித்தளை டோக்கன் ஒன்று கிடக்கிறதா பாருங்கள். பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, கங்காணிக்கும் கணக்கருக்கும் பெயரைவிட அந்த நம்பர்தான் முக்கியம். பழைய பாஸ், பி.எஃப். சீட்டு, ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு எடுத்த குரூப் போட்டோ, எஸ்.ஐ.ஆர். என்று பொறித்த கை விளக்கு எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரூப் போட்டோவை பிரேமில் இருந்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், அட்டையின் கீழேயோ பின்னாலோ பெயர்கள் இருக்கலாம், ஸ்டூடியோ எந்த ஊர் என்பதும் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையும் முக்கியம். "ரிட்டயர்டு ஷண்டர், எஸ்.ஐ.ஆர்." என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

சரி, ஊரும் வேலையும் ஓரளவு தெரிந்துவிட்டது. இப்போது கம்பெனி. வெள்ளைக்காரன் காலத்தில் "ரயில்வே" என்று ஒரே இலாகா கிடையாது, தனித்தனிக் கம்பெனிகள். மெட்ராஸ் ரயில்வேதான் முதலில், 1856 ஜூலை 1-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை. தெற்கே கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861-ல் நாகப்பட்டினம் பக்கம் தொடங்கியது, அதுவும் கர்நாடிக் ரயில்வேயும் 1874-ல் சேர்ந்துதான் சவுத் இந்தியன் ரயில்வே. 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராத்தாவும் சேர்ந்து எம்.எஸ்.எம். ஆனபோது, ஜோலார்பேட்டையில் இருந்து மங்களூர் போகும் பாதை எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்தது. ஈரோட்டில் வேலை பார்த்த ஒருவர் இடத்தை விட்டு நகராமலேயே 1908-க்கு முன் ஒரு கம்பெனி, பின் இன்னொரு கம்பெனி! பெரம்பூர்ப் பட்டறை எம்.எஸ்.எம்., பொன்மலை எஸ்.ஐ.ஆர். 1944-ல் இரண்டையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14-ல் மைசூர் ரயில்வேயையும் சேர்த்து சதர்ன் ரயில்வே உருவானது. அதோடு முடியவில்லை, 1966-ல் சவுத் சென்ட்ரல் தனியாகப் பிரிந்தது. உங்கள் தாத்தா குண்டக்கல்லிலோ ஹூப்ளியிலோ ரிட்டயர் ஆகியிருந்தால் சென்னையில் தேடிப் பலனில்லை. அந்த ஊர் இன்று எந்த ரயில்வேயில், எந்த டிவிஷனில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போங்கள்.

பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பதிவுகள் ஆங்கிலத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி. முனிசாமி என்பதை யு போட்டும் எழுதுவார்கள், இரண்டு ஓ போட்டும் எழுதுவார்கள், கடைசியில் ஒய் வரும், ஐ வரும், ஏ.டபிள்யூ. போட்டு "மூனசாமி" மாதிரியும் வரும். இனிஷியல் அப்பா பெயரா ஊர்ப் பெயரா என்று சொல்ல முடியாது, பல பழைய பதிவுகளில் இனிஷியலே கிடையாது, இன்னார் மகன் இன்னார் என்று மட்டும் இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு கோவிந்தசாமி இருந்தால் ஒருவர் கோவிந்தசாமி ஒன்று, இன்னொருவர் கோவிந்தசாமி இரண்டு. வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பெயர் வேறு, இது என் கொள்ளுத்தாத்தா விஷயத்திலேயே நடந்திருக்கிறது. ஊர்ப் பெயர்களையும் அன்றைய வழக்கில்தான் தேட வேண்டும்: டிரிச்சினாப்பலி, டான்ஜோர், நெகபட்டாம், டூட்டிகோரின், மாயவரம். வயதையும் அப்படியே நம்பாதீர்கள். பிறந்த தேதி ஜூலை 1 என்று இருந்தால் அவர் அன்றைக்குப் பிறந்தார் என்று அர்த்தம் இல்லை. வருஷம் மட்டும் தெரிந்து தேதி தெரியாதவர்களுக்கு ஜூலை 1 என்று போடுவதுதான் ரயில்வே விதி. மாதமும் தெரிந்திருந்தால் அந்த மாதம் 16-ஆம் தேதி.

எல்லோரும் தேடுவது சர்வீஸ் ரெஜிஸ்டரை, ரயில்வேக்காரர்கள் சொல்வது எஸ்.ஆர். அது கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம்தான். அப்பா பெயர், சாதி, மதம், சொந்த ஊர், தாலுகா, உயரம், உடம்பில் எங்கே மச்சம், சேர்ந்த தேதி, சம்பளம் ஏறியது, லீவு, அபராதம் எல்லாம் அதில் வரும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை இருக்கும். நண்பர் ஒருவர் அவருடைய தாத்தாவின் எஸ்.ஆர். நகலை என்னிடம் காட்டியபோது, வலது புருவத்துக்கு மேலே தழும்பு என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தத் தாத்தாவின் போட்டோ ஒன்றுகூட அவர்கள் வீட்டில் கிடையாது. பி.எஃப். நாமினேஷன் தாளும் கூட இருந்தால் அதில் மனைவி பெயர் வரும். நம் குடும்பங்களில் கொள்ளுப்பாட்டிகளின் பெயர் பெரும்பாலும் தொலைந்துபோய்விடுகிறது, அது எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்தத் தாளாக இருக்கலாம்.

கேட்பது எப்படி? கடைசியாக வேலை பார்த்த இடத்தின் டிவிஷன் அலுவலகம் அல்லது பட்டறையின் பெர்சனல் பிராஞ்சுக்கு (ஊழியர் பிரிவு) எழுத வேண்டும். வேலை, இடம், டோக்கன் அல்லது பி.எஃப். நம்பர், ரிட்டயர் ஆன வருஷம், உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசு அலுவலகம் என்பதால் இணையத்திலேயே போடலாம். இந்தியக் குடிமக்கள்தான் போட முடியும், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் இங்கே இருக்கும் சொந்தக்காரர் பெயரில் போடச் சொல்லுங்கள். மனுவில் "முழு விவரம் தருக" என்று எழுதாதீர்கள். எஸ்.ஆர். இருந்தால் நகல், அழிக்கப்பட்டிருந்தால் அழித்த பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் "அதெல்லாம் எப்பவோ போச்சு சார்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள், எழுத்தில் கேட்ட பிறகுதான் ஒருவர் பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தார்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தது 1957-ல்தான். அதற்கு முன் ரிட்டயர் ஆனவர்களுக்குப் பொதுவாக பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள், அதனால் பென்ஷன் பேப்பர் என்ற ஒன்றே இருக்காது. 1930-ல் ரிட்டயர் ஆனவருக்கு பென்ஷன் ஃபைலைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

எஸ்.ஆர். கிடைக்காது என்று ஆகிவிட்டால் தேடல் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். என் கொள்ளுத்தாத்தாவை எனக்குக் காட்டிக்கொடுத்தது ரயில்வே இல்லை, ஒரு கிரயப் பத்திரம். பி.எஃப். பணம் வந்ததும் அந்தக் காலத்தில் முதலில் செய்வது ஒரு மனை வாங்குவதுதான். பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவரும் வாங்குபவரும் யார் என்பதற்கு அப்பா பெயர், சாதி, தொழில், குடியிருக்கும் இடம் எல்லாம் எழுதியாக வேண்டும். அதில்தான் அவர் பட்டறையில் சம்மட்டி அடிக்கும் ஹாம்மர்மேன் என்றும், குவார்ட்டர்ஸ் நம்பரும், நாங்கள் கேள்விப்படாத அவருடைய நிஜப் பெயரும் இருந்தன. வீட்டுப் பத்திரத்தின் மூலப் பத்திரங்களைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போங்கள். கையில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே நம்பரைக் கொடுத்துப் பழைய வருஷங்களுக்கு வில்லங்கச் சான்று கேட்டு மனுப் போடலாம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவு இன்னொன்று. மெட்ராஸ் மாகாணத்தில் இதற்கான சட்டம் 1899-ல் வந்தது, அதனால் 1900-க்குப் பிறகு ரயில்வே காலனியில் பிறந்த பிள்ளையின் பதிவில் அப்பாவின் தொழில் இருக்க வாய்ப்பு உண்டு. நகராட்சி அல்லது மாநகராட்சியில் கேளுங்கள், கிராமம் என்றால் தாலுகா அலுவலகம் அல்லது சார்பதிவாளர் அலுவலகம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நான ஏடும் கல்யாண ஏடும்தான் முதல் இடம். ரயில்வே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படித்திருந்தால் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இனி ஆவணக் காப்பகங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே மாகாண அரசின் ஜி.ஓ.க்கள் (அரசாணைகள்) இலாகா வாரியாக, வருஷ வாரியாக இருக்கும். ரயில்வே விஷயங்கள் பொதுப்பணித் துறையின் ரயில்வே பிரிவில். முதலில் அந்தந்த வருஷத்து இண்டெக்ஸ் புத்தகத்தைக் கேட்டு ஊர்ப் பெயரில் தேடுங்கள். நிலம் எடுத்தது, விபத்து, வேலைநிறுத்தம், குடியிருப்பு, குடிநீர் என்று வரும். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தை வீட்டில் இருந்தே தேடலாம். வேலையில் இருந்து நீக்கப்பட்டவர்கள் மேலிடத்துக்கு எழுதிய முறையீடுகள் அங்கே உண்டு, அந்த ஃபைல்களின் தலைப்பிலேயே ஆளின் பெயரும் பதவியும் வந்துவிடும். வேலையில் சேர்ந்து சத்தமில்லாமல் ரிட்டயர் ஆனவரைவிட, சண்டை போட்டவரும் தண்டனை வாங்கியவரும் விபத்தில் சிக்கியவரும் காகிதத்தில் அதிகமாக இருக்கிறார்கள்.

அதனால்தான் 1928-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். போத்தனூர், நாகப்பட்டினம் பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கும்போது ஆட்குறைப்பு வந்தது, அந்த ஜூலையில் எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறைக்குப் போனார்கள், தொழிலாளர்கள் ஏராளமானோர் வேலையை இழந்தார்கள். உங்கள் முன்னோரின் ரயில்வே வாழ்க்கை 1928-ல் காரணம் தெரியாமல் நின்றுபோயிருந்தால், "கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டார்" என்ற குடும்பக் கதைக்குப் பின்னால் இது இருக்கலாம். அந்த மாதங்களின் ஜி.ஓ.க்களையும் சுதேசமித்திரன், தி ஹிந்து இதழ்களையும் பாருங்கள். அதேபோல் 1946. அந்த செப்டம்பர் 5-ல் பொன்மலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் இறந்தார்கள், இன்றும் அந்த நாளில் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்துகின்றன. அன்றைக்குப் போய் நின்று பாருங்கள், காப்பகத்தில் கிடைக்காத தகவல் அங்கே வரும் பெரியவர்களிடம் கிடைக்கும்.

1929-ல் அமைத்த ராயல் கமிஷன் ஆன் லேபர், விட்லி கமிஷன் என்பார்கள், அதன் சாட்சியத் தொகுதிகளில் ரயில்வேக்கு என்று தனித் தொகுதி உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தாத்தா பெயர் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் கேங்மேனுக்கு என்ன சம்பளம், வீடு எப்படி இருந்தது, லீவு உண்டா, மேஸ்திரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் தொழிலாளர்கள், சங்கங்கள், கம்பெனி என்று மூன்று தரப்பின் வாயாலேயே பதிவாகியிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எஸ்.ஆர்.-இல் இருக்கும் ஒற்றை வரிகளுக்கு உயிர் வரும்.

பாதை போட்டபோது மண் சுமந்தவர்கள், ஜல்லி உடைத்தவர்கள், அவர்களில் பெண்களும் நிறையப் பேர், இவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள். மேஸ்திரி கையில் ஒரு கணக்கு இருந்திருக்கும், அது போயேவிட்டது. இவர்கள் பெயரை ஏட்டில் தேடுவதைவிட, அந்த ஊர்ப் பக்கம் பாதை எந்த வருஷம் வந்தது, எந்த ஊர் ஆட்கள் வந்து குடியேறினார்கள், லைன் ஓரத்துக் குடியிருப்பில் எந்தக் குலதெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள் என்று போங்கள். குலதெய்வக் கோயில் எங்கே இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் கிளம்பிய ஊர். கேங்மேன்கள் விஷயத்தில் "எத்தனையாவது மைல் கேங்" என்பது யாருக்காவது நினைவிருந்தால் அதை விடாதீர்கள், அந்த மைல் எந்த ஸ்டேஷன்களுக்கு நடுவே என்று பழைய டைம்டேபிளில் கண்டுபிடித்துவிடலாம்.

ஆங்கிலோ இந்தியக் கிளை உங்கள் குடும்பத்தில் இருந்தால் வேலை சுலபம், ஏனென்றால் கம்பெனிகள் அவர்களைப் பற்றித்தான் ஒழுங்காக எழுதி வைத்தன. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் எல்/ஏஜி/46 என்ற வரிசை ரயில்வே கம்பெனிகளுக்கானது. என்/2 என்ற வரிசை மெட்ராஸ் மாகாண ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். ஃபிபிஸ் என்ற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கான சங்கத்தின் இணையதளத்தில் இவற்றில் நிறைய அட்டவணைகளை இலவசமாகத் தேடலாம்.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு வழி வேறு. மலாயா ரயில்வேயில் இருந்தவர் என்றால் கோலாலம்பூரில் செந்தூல் பட்டறையா, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸா என்று முதலில் கேளுங்கள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவின் இணையத் தேடலில் சிலாங்கூர் செக்ரடேரியட் ஃபைல்கள் வரும், லீவு விண்ணப்பம், கிராஜுவிட்டி என்று சின்ன விஷயங்களுக்குக்கூட ஃபைல் போட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிளார்க்காகவும் போனவர்களில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதிகம், அவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய பதிவுகளும் கைகொடுக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போய் அங்கே அரசு ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் என்றால் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. 1860-ல் சென்னையில் இருந்து போன ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அப்பா பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா வரை அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். இங்கே நம் ஊரிலேயே இருந்த கூலிக்குக் கிடைக்காத விவரம் அது.

எது கிடைத்தாலும் எங்கே கிடைத்தது, எந்தப் பக்கம், என்றைக்குப் பார்த்தீர்கள் என்பதைக் கூடவே எழுதிவையுங்கள். போட்டோவில் இருப்பவர்கள் யார் என்று பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை காகிதத்தைத் துளைத்து முன்பக்கம் வந்துவிடும். பிறகு ஒரு நகலைப் பங்காளி வீட்டுக்கும், கட்டிக்கொடுத்துப் போன அத்தை வீடுகளுக்கும் அனுப்பிவிடுங்கள். என் கொள்ளுத்தாத்தாவின் டோக்கன் அப்படித்தான் வந்தது. கிரயப் பத்திரத்தின் நகலைப் பார்த்துவிட்டு மணப்பாறையில் இருக்கும் ஒரு சித்தப்பா, "இந்தப் பெயரில் எங்கள் வீட்டில் ஒரு பித்தளை வில்லை கிடக்கிறது, சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறோம்" என்று போன் செய்தார்.